கௌரவத்துக்கு மனுப் போடாதவர்கள்

1987 மார்ச் கடைசி வாரத்தில் பிரித்தானியாவில் மிக அதிகமாக விற்ற பாடலின் பெயர் 'ரெஸ்பெக்டபிள்'. பாடியவர்கள் மெல், கிம் ஆப்பிள்பி என்ற சகோதரிகள். கிழக்கு லண்டனின் ஹாக்னியில் வளர்ந்தவர்கள். அப்பா ஜமைக்கர், அம்மா ஆங்கிலேயர். அக்கா கிம்முக்கு அப்போது 25 வயது, தங்கை மெல்லுக்கு 20. அதையொட்டி வெளிவந்த ஆல்பம் 'எஃப்.எல்.எம்.' விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. மெல் அண்ட் கிம் என்ற பெயரில் வந்த ஒரே ஸ்டுடியோ ஆல்பம் அதுதான்.

ஆடுவதற்கான ஆல்பம். வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கி, சனிக்கிழமை உடுத்திக் கிளம்புகிறவர்களுக்கானது. அதனாலேயே இசை வரலாற்றுக்காரர்கள் அதற்கு இரண்டு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. அந்த இரண்டு வரியிலும் ஒன்று தயாரிப்பாளர்களான மூன்று ஆண்களைப் பற்றியது. மற்றொன்று மெல்லின் நோயைப் பற்றியது. ஓர் ஆல்பத்தை இரண்டு பெண்கள் பாடியிருக்கிறார்கள். ஆனால் அதைப் பற்றிய பேச்சில் அவர்கள் பொம்மையாகவோ நோயாளியாகவோதான் வர முடிகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சின்மீதான சண்டை.

'ரெஸ்பெக்டபிள்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? கௌரவமான, கண்ணியமான, மரியாதைக்குரிய என்று அகராதி அடுக்கும். எனக்குச் சரியாகப் படுவது பேச்சு வழக்கில் இருக்கும் 'நாலு பேர் மதிக்கும்படி' என்பதுதான். ஏனென்றால் அது ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறது: கௌரவம் என்பது அந்தப் பெண்ணிடம் இருக்கும் குணமல்ல, நாலு பேர் கையில் இருக்கும் முத்திரை. அவர்கள் குத்தினால் உண்டு, குத்தாவிட்டால் இல்லை. அப்படியானால் நாம் விசாரிக்க வேண்டியது அந்தப் பெண்ணை அல்ல. அந்த நாலு பேர் யார் என்பதைத்தான்.

பாட வருவதற்கு முன்பு மெல் மாடலாக இருந்தார். மேலாடை இல்லாத படங்களுக்கும் நின்றிருக்கிறார். 1986 இறுதியில் அவர்களுடைய முதல் பாடல் 'ஷோயிங் அவுட்' மூன்றாம் இடத்துக்கு வந்ததும் அந்தப் பழைய படங்களை டேப்ளாய்டு பத்திரிகைகள் தோண்டி எடுத்தன. தொழில்முறையில் எடுக்கப்பட்டு, கூலி கொடுத்து முடிக்கப்பட்ட படங்கள் திடீரென்று 'ரகசியம்' ஆயின. அந்தப் படத்தைச் சுற்றி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எடுத்த புகைப்படக்காரர் ஒருவர், முதலில் வெளியிட்டவர் ஒருவர், மறுபடி வெளியிட்ட ஆசிரியர் ஒருவர், காசு கொடுத்து வாங்கிப் பார்த்த லட்சக்கணக்கானவர்கள். இத்தனை பேரில் கௌரவம் போனது ஒரே ஒருவருக்கு. இருபது வயதுப் பெண்ணுக்கு.

இது அந்த நாட்டில் அப்போது நடந்த பெரிய வணிகத்தின் சிறு பகுதி. 'தி சன்' நாளிதழ் 1970 முதல் தன் மூன்றாம் பக்கத்தில் மேலாடை அணியாத பெண்களின் படத்தைப் போட்டுவந்தது. சமந்தா ஃபாக்ஸ் 1983ல் அந்தப் பக்கத்தில் முதன்முதலில் வந்தபோது அவருக்கு வயது 16. சட்டம் அதை அனுமதித்தது. பதினெட்டு என்று வயதை உயர்த்தும் சட்டம் வர 2003 ஆயிற்று. 1986ல் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் கிளேர் ஷார்ட் இத்தகைய படங்களை நாளிதழ்களில் தடைசெய்ய ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஆண் உறுப்பினர்கள் அவையிலேயே கெக்கலித்தார்கள். பத்திரிகையோ அவரைக் குண்டு என்றது, பொறாமைக்காரி என்றது. ஆயிரக்கணக்கான பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவற்றிலிருந்து பின்னால் ஒரு புத்தகமே வந்தது. மசோதா சட்டமாகவில்லை.

இங்கே ஒரு பொறியில் நாம் விழுந்துவிடக் கூடாது. ஒரு பக்கம் கிளேர் ஷார்ட், மறு பக்கம் மெல் ஆப்பிள்பி என்று நிறுத்தி, பெண்ணியவாதி யார் பக்கம் என்று கேட்பது பத்திரிகைக்காரர்கள் விரித்த வலை. மசோதா குறிவைத்தது நாளிதழை, படத்தில் நின்ற பெண்ணை அல்ல. உடையணிந்து அவையில் பேசிய பெண் அசிங்கமானவள், உடையின்றிப் படத்தில் நின்ற பெண் ஒழுக்கமற்றவள். இரண்டு தீர்ப்பும் எழுதப்பட்டது ஒரே வகையான மேசையில். அந்த மேசைக்கு வெளியே நின்று எந்தப் பெண்ணும் தப்பவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மெல்லைக் கூண்டில் ஏற்றாமலே மூன்றாம் பக்கத்தை எதிர்க்க முடியும்.

இன்னொரு செய்தி. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீப்ரூக் துறைமுகத்தருகே ஒரு பயணிகள் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். அந்தப் பயணிகளில் பலர் 'தி சன்' அறிவித்த மலிவுச் சலுகைச் சீட்டில் போனவர்கள். அந்த நாளிதழே முன்னின்று பாடகர்களைத் திரட்டி நிவாரண நிதிக்காக ஒரு பாடலை வெளியிட்டது. அதில் மெல்லும் கிம்மும் பாடினார்கள். முதலிடத்தில் ஒரே வாரம் இருந்த 'ரெஸ்பெக்டபிள்' பாடலை அங்கிருந்து இறக்கியது அந்த நிவாரணப் பாடல்தான். நல்ல காரியத்துக்குக் குரல் வேண்டும் என்றால் கௌரவம் பற்றிய கேள்வி எழுவதில்லை. பிணங்களுக்காகப் பாடும்போது யாரும் பழைய படங்களை நினைவூட்டுவதில்லை.

சரி, படங்களுக்குச் சகோதரிகளின் பதில் என்ன? மன்னிப்பு இல்லை. 'அறியாத வயசு' என்ற அழுகை இல்லை. பதிலாக வந்ததுதான் 'ரெஸ்பெக்டபிள்'. அந்தப் பாடல் தன் தலைப்பிலுள்ள தகுதியைக் கேட்டு விண்ணப்பிக்கவில்லை. அது தங்களுக்கு ஒருநாளும் ஒட்டாது என்று குதூகலமாக அறிவிக்கிறது. பாடலின் காணொளியில் இருவரும் கருப்புத் தொப்பியும் பெரிய வளையக் காதணியுமாக, கேமராவை நேராகப் பார்த்து ஆடுகிறார்கள். 'நானும் நல்லவள்தான்' என்று நிரூபிக்கப் போகும் பெண் நடுவரின் அதிகாரத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறாள். இவர்கள் அந்த நீதிமன்றத்துக்கே போகவில்லை. பத்தாண்டு கழித்து, 1997ல், சமூகவியலாளர் பெவர்லி ஸ்கெக்ஸ் இங்கிலாந்தின் உழைக்கும் வர்க்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதிய நூலை வெளியிட்டார். கௌரவம் பிறந்தபோதே கிடைத்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கிடைக்காதவர்கள்தான் உடையிலும் வீட்டிலும் பேச்சிலும் அதைத் தினமும் நிரூபித்துக் களைக்கிறார்கள் என்பது அதன் சாரம். அந்தக் களைப்பை மூன்றரை நிமிடத்துக்கு உதறிப்போட்ட பாடல் ஒன்று அதற்கு முன்பே தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு மாணவி கட்டாயம் கையை உயர்த்துவாள். "மேடம், அந்தப் பாட்டை எழுதுனது மூணு ஆம்பளைங்கதானே?" ஆமாம். மைக் ஸ்டாக், மாட் எய்ட்கன், பீட் வாட்டர்மேன். அவர்களே எழுதித் தயாரித்து முதலிடம் பிடித்த முதல் பாடல் அது. லண்டன் பரோவில் இருந்த அவர்களுடைய ஸ்டுடியோவுக்கு 'ஹிட் ஃபேக்டரி' என்று பெயர். தொழிற்சாலை என்ற அந்தச் சொல்லை விமர்சகர்கள் ஏளனமாகச் சொன்னார்கள், வாட்டர்மேன் பெருமையாகச் சொன்னார். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். தொழிற்சாலை என்றால் அங்கே தொழிலாளி உண்டு. யார் அந்தத் தொழிலாளி என்று இருதரப்பும் கேட்கவில்லை.

அந்த ஸ்டுடியோ பற்றி மிக அதிகமாகச் சொல்லப்படும் கதை கைலி மினோக் பற்றியது. 1987ல் மெல்பர்னிலிருந்து பாட வந்த அவரை ஸ்டுடியோ மறந்தேபோயிற்று. ஊர் திரும்ப வேண்டிய நாளில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் ஒரு பாடலை எழுதிமுடித்தார்கள். அது முதலிடம் போயிற்று. இந்தக் கதை எப்போதும் ஆண்களின் மேதைமைக்குச் சான்றாகச் சிரிப்போடு சொல்லப்படுகிறது. அதே கதையைக் காத்திருந்தவளின் பக்கத்திலிருந்து சொல்லிப் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பெண், உலகத்தின் மறுகோடியிலிருந்து விமானம் ஏறி வந்து, தன்னை அழைத்தவர்களுக்குத் தான் யார் என்றே நினைவில்லாத நிலையில் நாட்களைக் கழித்து, கடைசி ஒரு மணிநேரத்தில், முன்பின் கேட்காத பாடலைச் சிரித்த குரலில் பாடிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இதில் திறமை யாருடையது?

'ரெஸ்பெக்டபிள்' பாடலின் தொடக்கத்தில் ஒரு சொல்லின் முதல் ஒலி மட்டும் வெட்டப்பட்டுத் திக்கித்திக்கித் திரும்ப வருகிறது. சாம்ப்ளர் என்ற கருவியின் வேலை அது. யாப்பிலக்கணம் நடத்தி அசை பிரித்தே வயதைக் கழித்தவளுக்கு அந்த இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். நேரசை ஒன்று பறையாகிவிட்டது போல் இருக்கும். பாடலை மறந்தவர்களுக்கும் அந்தத் திக்கல் நினைவிருக்கிறது. அதைத் தயாரிப்பாளர்களின் தந்திரம் என்பார்கள். கருவி யாருடையதோ, வெட்டியது யாரோ, வெட்டப்பட்டது ஒரு பெண்ணின் தொண்டை. இன்னொரு பாடகியைக் கொண்டுவந்து அதே இடத்தில் வெட்டினால் அந்த ஒலி வராது. அதில் இருக்கும் அலட்சியமும் தடித்தனமும் ஹாக்னித் தெருவில் வளர்ந்த நாக்கினுடையது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் அந்தக் காலத்தின் மற்றப் பாடல்களைப் பாருங்கள். 1989ல் 'ரைட் ஆன் டைம்' என்ற இத்தாலிய நடனப் பாடல் பிரித்தானியாவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. குரல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லோலெட்டா ஹாலோவே 1980ல் பாடிய பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. திரையில் வாயசைத்தவர் மெலிந்த உடல்கொண்ட ஒரு மாடல். ஹாலோவே சட்டத்தின் துணையோடுதான் தன் பங்கைப் பெற வேண்டியிருந்தது. மார்த்தா வாஷ் என்ற பாடகிக்கும் இதேதான் நடந்தது. அவருடைய குரலை வைத்துக்கொண்டு உடலை மாற்றிவிட்டார்கள். அவரும் நீதிமன்றம் போனார். அந்த ஆண்டுகளின் நடன இசை முழுவதுமே பெண் குரலைக் கச்சாப் பொருளாக அள்ளிய இசை. மெல்லும் கிம்மும் தங்கள் குரலோடும் தங்கள் முகத்தோடும் தங்கள் உடலோடும் ஒரே சட்டகத்தில் நின்றார்கள் என்பதே அந்தச் சூழலில் சாதாரண விஷயமல்ல.

நடன இசையை மட்டமாகப் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஷோயிங் அவுட்' பாடலின் தாளம் சிகாகோவின் 'ஹவுஸ்' இசையிலிருந்து வந்தது. ஹவுஸ், சிகாகோவின் கறுப்பின, லத்தீன் தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடிய மன்றங்களில் பிறந்தது. ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றிய 'வேர்ஹவுஸ்' மன்றத்தின் பெயரிலிருந்து அந்தப் பெயரே வந்தது என்பார்கள். அதே சிகாகோவில் 1979 ஜூலை 12 இரவு ஒரு பேஸ்பால் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்துக் கொண்டாடினார்கள். கிடார் ஆண்களின் 'உண்மையான இசை' என்ற கொள்கையும் அந்த வெடிச்சத்தமும் நெருங்கிய உறவினர்கள். பெண்களும் கறுப்பர்களும் தன்பால் ஈர்ப்பாளர்களும் ஆடுவது ஆழமற்றது. வெள்ளை இளைஞன் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது ஆழமானது. இசை விமர்சனத்தில் ஆழம் என்பது பல நேரங்களில் இவ்வளவுதான்.

ஆல்பத்தின் பெயருக்கு வருவோம். எஃப்.எல்.எம். என்றால் ஃபன், லவ், மணி: கும்மாளம், காதல், காசு. வெளியில் சொன்ன விளக்கம் இது. ஸ்டுடியோவுக்குள் அந்த எழுத்துகளுக்கு வேறு விரிவாக்கம் இருந்தது; முதல் சொல் அச்சிட முடியாத கெட்ட வார்த்தை. மேலே கண்ணியமான உறை, உள்ளே ஹாக்னி நாக்கு. எனக்கு அந்தக் கூட்டு பிடித்திருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியம் மூன்றாவது சொல். காசு வேண்டும் என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்வது இன்றும் நம் காதுகளுக்கு இடறுகிறது. கலைக்காகப் பாடுகிறேன், அன்புக்காகச் செய்கிறேன் என்று சொன்னால்தான் அவள் நல்லவள்.

தாட்சர் காலத்துப் பேராசையின் பாடல் என்று இதை ஒதுக்கிய இடதுசாரி நண்பர்களைப் படித்திருக்கிறேன். 1986 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தையின் கட்டுப்பாடுகள் ஒரே நாளில் தளர்த்தப்பட்டன. அந்த நிதி நகரம் ஹாக்னிக்கு அடுத்துள்ள எல்லையில்தான் இருக்கிறது. அங்கே கோட்டுப் போட்ட இளைஞன் குவித்த பணமும், இங்கே வேலைக்குப் போகும் பெண் சனிக்கிழமை இரவுக்குக் கேட்ட பணமும் ஒன்றா? ஒரே சொல் இரண்டு வாயில் இரண்டு பொருள் தரும் என்பதைச் சொல்ல இலக்கணப் பட்டம் தேவையில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் லண்டனில் கறுப்பினப் பெண்ணாக இருப்பது என்னவாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கும்மாளத்தைக் கேட்க வேண்டும். 1985 செப்டம்பரில் பிரிக்ஸ்டனில் மகனைத் தேடி வீட்டுக்குள் புகுந்த காவலர்கள் செரி க்ரோஸ் என்ற தாயைச் சுட்டார்கள். அவர் அதன்பின் நடக்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து டாட்டன்ஹாமில் சிந்தியா ஜாரெட், தன் வீட்டில் காவலர்கள் சோதனை நடத்திக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். இருவரும் தம் வீட்டுக்குள் இருந்தவர்கள். வீட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு, கௌரவமாக இருந்தால் பாதுகாப்பு என்ற பழைய வாக்குறுதி அவர்களுக்கு உதவவில்லை. 1987 ஜூனில் ஹாக்னி வடக்கு தொகுதியிலிருந்து டயான் அபாட் நாடாளுமன்றம் சென்றார். ஜமைக்கப் பெற்றோரின் மகள், பிரித்தானியாவின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர். அவருடைய வெற்றிக்கும் இந்த ஆல்பத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஒரே கோடையில் ஹாக்னியின் ஜமைக்க மகள்கள் வாக்குப்பெட்டியிலிருந்தும் வானொலியிலிருந்தும் வெளியே வந்தார்கள் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

ஆல்பம் முழுவதும் சிறந்தது என்று வாதிட மாட்டேன். 'ஷோயிங் அவுட்', 'ரெஸ்பெக்டபிள்', தலைப்புப் பாடல் மூன்றும் இன்றும் உடம்பை எழுப்புகின்றன. மற்றவற்றில் சில, இடத்தை நிரப்ப வந்தவை. அவசரத் தையல் தெரிகிறது. காதலனுக்காக உருகும் இடங்களில் இவர்களுடைய குரல் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. இவர்களுக்கு இரங்குவது வராது, எகிறுவதுதான் வரும். இதை அந்த மூவரும் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

1987 கோடையிலேயே மெல்லின் முதுகு வலிக்கத் தொடங்கியது. பாட வருவதற்கு முன்பே ஒருமுறை புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் அவர். இப்போது அது முதுகெலும்பில் திரும்பியிருந்தது. முதுகுக் கோளாறு என்று மட்டுமே முதலில் வெளியே சொன்னார்கள். படங்களைத் தோண்டியவர்களுக்கு இப்போது தோண்ட மருத்துவமனை கிடைத்தது. சிகிச்சைக்கு நடுவே மருத்துவமனையிலிருந்து வந்து 'தட்ஸ் த வே இட் இஸ்' பாடலுக்குக் குரல் கொடுத்தார் மெல். 1988ல் அது பத்தாம் இடம் வரை போனது. 1990 ஜனவரி 18 அன்று நிமோனியா காய்ச்சலில் இறந்தார். வயது 23.

அதற்குப் பிறகு அவரை யாரும் ஒழுக்கமற்றவள் என்று சொல்லவில்லை. இப்போது எங்கே அவரைப் பற்றிப் படித்தாலும் துணிச்சல், புன்னகை, போராட்டம் என்ற சொற்கள்தான். இந்தக் கனிவை நான் நம்பவில்லை. உயிரோடு ஆடியபோது மறுத்த முத்திரையைப் படுக்கையில் விழுந்ததும் குத்திக் கொடுத்தார்கள். நோயுற்ற பெண்ணின் உடலுக்கு ஆசை இல்லை, அவளால் யாருக்கும் தொல்லையில்லை, இனி எந்தப் படத்துக்கும் அவள் நிற்கப்போவதில்லை. அதனால் அவளுக்குத் தாராளமாகக் கௌரவம் தரலாம். அவள் கேட்காத ஒன்றை, வேண்டாம் என்று ஊரறியச் சொன்ன ஒன்றை, அவள் மறுக்க முடியாத நிலையில் அவள்மீது போர்த்திவிடலாம். மெல்லின் கதையை நோயிலிருந்து தொடங்குகிறவர்கள் எல்லாரும் இந்தப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்கள்.

பொம்மைகள் என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அது எந்த விமர்சகரும் எழுதியதல்ல. தங்கை நோயில் கிடந்த காலத்தில் சகோதரிகள் இருவரும் சும்மா இருக்கவில்லை. சேர்ந்து பாடல்கள் எழுதினார்கள். மெல் இறந்த ஆண்டின் இறுதியில் கிம் தனியாகப் பாடிய 'டோண்ட் வொரி' இரண்டாம் இடத்துக்கு வந்தது. தயாரித்தவர்கள் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் அல்ல. அதே 1990ல் வெளியான கிம்மின் முதல் தனி ஆல்பத்தின் உறையைப் புரட்டி, எழுதியவர்கள் பெயரை அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பாடலுக்குப் பாடல் மெலனி ஆப்பிள்பி என்ற பெயர் வருகிறது.